ஒரு பட்டாவுக்குள் எத்தனை சண்டை: கடந்தகாலம் ஒரு நாட்டை எப்படி உருவாக்குகிறது?

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வரலாறு சொல்லித் தருகிறேன். தர்மபுரி மாவட்டம், காரிமங்கலத்தை ஒட்டிய ஒரு கிராமம். இருபது பிள்ளைகள் வருவார்கள். போன மாதம் ஒரு மாணவன் எழுந்து, "நம்ம மாவட்டமே இப்படித்தான் சார். அந்தக் காலத்துல இருந்தே பின்தங்கின மாவட்டம். இந்த மண்ணோட ராசி அப்படி" என்றான். வகுப்பில் யாருமே மறுக்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

டீக்கடையிலும் பஸ்ஸிலும் இதே பேச்சைத்தான் கேட்கிறோம். ஒருவர் "எல்லாம் வெள்ளைக்காரன் செஞ்ச வேலை" என்பார். இன்னொருவர் "வரலாறு திரும்பும்" என்பார். "வீரம் நம்ம ரத்தத்துல இருக்கு" என்பவரும் உண்டு, "பழசை ஏன் கிளர்றீங்க, அதெல்லாம் முடிஞ்சு போச்சு" என்பவரும் உண்டு. கேட்க வெவ்வேறாகத் தெரிந்தாலும் எல்லாவற்றிலும் ஒரே குறைதான். இருநூறு வருஷத்துக்கு முன்னால் நடந்த ஒரு போர், இன்று காலையில் நம் வாழ்க்கையை எந்த வழியாக வந்து தொடுகிறது என்பதை இவற்றில் ஒன்றும் சொல்வதில்லை. ரத்தத்தில் போர் ஓடாது, மண்ணுக்கு ராசி கிடையாது. வேறு வழிகள் இருக்கின்றன. அவற்றை நம் ஊர்ச் சாமான்களை வைத்தே பார்க்கலாம்.

புளியமரம் விழுந்த தடம்

எங்கள் ஊரிலிருந்து ஏரிக்கரைக்கு ஒரு ஒற்றையடித் தடம் போகிறது. நேராகப் போய்க்கொண்டே இருக்கும் தடம், கொல்லைக்கு நடுவில் ஓரிடத்தில் மட்டும் வில் மாதிரி வளைந்து மறுபடி நேராகும். அங்கே மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. சின்ன வயதில் அப்பாவிடம் கேட்டேன். அவர் பிறப்பதற்கு முன்பு அங்கே ஒரு பெரிய புளியமரம் காற்றில் சாய்ந்து கிடந்ததாம். வெட்டி எடுக்கப் பல மாதம் ஆனது. அதுவரை ஜனங்கள் சுற்றிப் போனார்கள். மரம் போன பிறகும் கால் பழகிய வழியிலேயே நடந்தார்கள். வளைவின் உட்பக்கம் உழுது கேழ்வரகு போட்டுவிட்டார்கள். இனி நேராகப் போக வேண்டுமென்றால் ஒருவருடைய பயிரை மிதிக்க வேண்டும். அதனால் இன்றைக்கும் வளைந்தே போகிறோம்.

சமூக அறிவியலில் இதற்குத் தடச்சார்பு என்று பெயர். எப்போதோ ஒரு காரணத்துக்காக எடுத்த வழி, அந்தக் காரணம் மறைந்த பிறகும் தொடர்வதுதான் அது. மாற்றிக்கொள்ள ஆகும் செலவு நாளுக்கு நாள் ஏறுவதால் அது தொடர்கிறது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விழுந்த மரத்துக்கு இன்று எந்தச் சக்தியும் இல்லை. தினமும் அதே தடத்தில் நடக்கும் கால்கள்தான் அந்த வளைவை உயிரோடு வைத்திருக்கின்றன. ஒரு மழைக்காலம் முழுக்க யாரும் நடக்காவிட்டால் புல் மூடிவிடும்.

கிணற்று முறை

இன்னொரு உதாரணம். பாலக்கோடு பக்கம் அண்ணன் தம்பி இருவர் பாகம் பிரித்தபோது பெரிய சண்டை. நிலத்தைப் பிரித்தார்கள், கிணற்றைப் பிரிக்க முடியாது. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து, மூன்று நாள் அண்ணனுக்கு, மூன்று நாள் தம்பிக்கு, ஏழாம் நாள் கிணறு ஊற விட வேண்டும் என்று முறை வைத்தார்கள். சண்டை போட்ட இருவரும் இறந்துவிட்டார்கள். பேரப்பிள்ளைகள் ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் இன்னொருவர் பந்தி பரிமாறுகிறார்கள். ஆனால் பம்புசெட்டு இன்றும் அந்த முறைப்படிதான் ஓடுகிறது. யார் தக்காளி போடலாம், யார் கொள்ளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதை அந்த முறைதான் தீர்மானிக்கிறது.

சண்டையின் முடிவு ஒரு விதியாகிவிட்டது. இப்படிப் பலரும் ஏற்று நடக்கும், எழுதிய அல்லது எழுதாத விதிகளின் ஏற்பாட்டை நிறுவனம் என்பார்கள். கட்டடமும் பெயர்ப்பலகையும் இருக்க வேண்டும் என்பதில்லை. கிணற்று முறை ஒரு நிறுவனம், சொத்துச் சட்டம் ஒரு நிறுவனம், கல்யாண முறையும் அப்படியே.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: ஒரு மோதலோ மாற்றமோ நடக்கிறது, அதன் முடிவு விதியாகப் படிகிறது, விதி பழக்கமாகிறது, பழக்கத்தை மாற்றுவது கடினமாகிறது. மோதல் மறந்துபோகும், விதி நிற்கும். ஒரு வீட்டுக்கு நடப்பதுதான் ஒரு நாட்டுக்கும் நடக்கிறது, அளவுதான் வேறு.

1792: நம் ஊரில் நடந்த திருப்பம்

இப்போது நாட்டின் அளவுக்குப் போகலாம். அதற்கு நாம் வேறெங்கும் போக வேண்டாம், தர்மபுரி கோட்டையிலிருந்தும் கிருஷ்ணகிரியின் சையத் பாஷா மலையிலிருந்துமே தொடங்கலாம்.

இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பெரும்பகுதிக்குப் பாரமகால் என்று பெயர் இருந்தது. 18-ஆம் நூற்றாண்டில் இது மைசூரின் கையில், ஹைதர் அலியிடமும் பிறகு திப்பு சுல்தானிடமும் இருந்தது. மலைக்கோட்டைகள் நிறைந்த இந்த நிலம்தான் மைசூருக்கும் கீழ்நாட்டுக்கும் நடுவில் இருந்த கதவு. அதனால் 1767-இல் தொடங்கிய முதல் மைசூர்ப் போரிலிருந்தே கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் மைசூர்ப் படையும் மாறி மாறி இந்த வழியாக நடந்தன. மூன்றாம் மைசூர்ப் போர் 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு முடிந்தது. திப்பு தன் நாட்டில் பாதியை இழந்தார், இரண்டு மகன்களைப் பிணையாக அனுப்பினார். பாரமகால் கம்பெனிக்குப் போனது. ஓசூர்ப் பக்கம் 1799-இல் திப்பு இறந்த பிறகுதான் அவர்கள் கைக்கு முழுமையாக வந்தது.

பாடப்புத்தகம் இதோடு நிறுத்திவிடும். நமக்கு வேண்டிய கதை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. நாட்டைப் பிடித்தாகிவிட்டது, வரி வாங்க வேண்டும். யாரிடம் வாங்குவது?

அந்தப் போரில் கம்பெனிப் படையை நடத்தியவர் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ். அடுத்த வருஷமே, 1793-இல், அவர் வங்காளத்தில் நிரந்தர நிலவரித் திட்டத்தைக் கொண்டுவந்தார். அங்கே ஜமீன்தார்தான் நிலத்துக்கு உடைமைக்காரர். உழுகிறவரிடம் அவர் வாங்கிக் கம்பெனிக்குக் கட்டுவார். ஆனால் அதே காரன்வாலிஸ் பாரமகாலை நிர்வகிக்க அனுப்பியது அலெக்சாண்டர் ரீட் என்ற படை அதிகாரியை. சென்னையிலிருந்த சிவில் அதிகாரிகளுக்கு உள்ளூர் மொழி தெரியாது, ரீடுக்குத் தெரியும் என்பது அதற்கு ஒரு காரணம். ரீடின் உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. தர்மபுரியில் தங்கியிருந்து வேலை பார்த்தவர். மைசூர் ஆட்சி இங்கிருந்த பாளையக்காரர்களை ஏற்கெனவே ஒடுக்கியிருந்ததால், நடுவில் நிறுத்தப் பெரிய ஜமீன்கள் அதிகம் இல்லை. ரீடும் மன்றோவும் ஊர் ஊராகப் போய்க் கொல்லை கொல்லையாக அளந்து, உழுகிற ஒவ்வொருவரிடமும் நேராகத் தீர்வை, அதாவது நிலவரி, பேசினார்கள். ரயத்து என்றால் குடியானவர். அதனால் இதற்கு ரயத்துவாரி என்று பெயர் வந்தது. மன்றோ 1820-இல் சென்னை மாகாண கவர்னரானபோது இங்கே கற்ற முறையை மாகாணத்தின் பொது முறையாக ஆக்கினார்.

ஒரே மனிதரின் ஆட்சிக்குள், ஒரு வருஷ இடைவெளியில், நாட்டின் இரண்டு மூலைகளில் இரண்டு வேறு தடங்கள் போடப்பட்டுவிட்டன. பல வழிகள் திறந்திருந்து, ஒன்றைத் தேர்ந்ததும் மற்றவை மெல்ல மூடிக்கொள்ளும் இப்படிப்பட்ட காலத்துக்குத் திருப்புமுனை என்று பெயர். போர்கள் நாடுகளை மாற்றுவது பெரும்பாலும் இதனால்தான். போர் பழைய விதிகளை உடைக்கும், புதிதாக எதையாவது எழுதியே ஆக வேண்டிய நிலை வரும். அந்த நேரத்தில் யார் அங்கே இருந்தார், அவருக்கு என்ன மொழி தெரியும் என்ற சின்ன விஷயங்கள்கூடப் பெரிதாகிவிடும்.

இது நேர்க்கோட்டில் போனதாக நினைத்துவிடக் கூடாது. 1800-களின் தொடக்கத்தில் வங்காள முறையை இங்கேயும் புகுத்திப் பார்த்தார்கள். நிலத்தை மிட்டா மிட்டாவாகப் பிரித்து, ஏலத்தில் எடுத்தவர்களை மிட்டாதாரர் ஆக்கினார்கள். பல மிட்டாக்கள் வரி கட்ட முடியாமல் நொடித்து அரசிடமே திரும்பின. தர்மபுரி பக்கம் மிட்டாரெட்டிஅள்ளி, மிட்டாநூலஅள்ளி, மிட்டாதின்னஅள்ளி என்ற ஊர்ப்பெயர்கள் இன்றும் இருக்கின்றன. அந்த 'மிட்டா' இதுதான். பின்னால் ஒட்டியிருக்கும் 'அள்ளி', ஊர் என்று பொருள்படும் கன்னட 'ஹள்ளி'. டவுன் பஸ்ஸின் பெயர்ப்பலகையில் இரண்டு ஆட்சிகள் அடுத்தடுத்து உட்கார்ந்து பயணம் செய்கின்றன. மிச்சமிருந்த ஜமீன்களையும் மிட்டாக்களையும் ஒழித்தது 1948-ஆம் ஆண்டுச் சட்டம். எஸ்டேட்டுகளை ஒழித்து 'ரயத்துவாரியாக மாற்றும்' சட்டம் என்பதே அதன் பெயர். சுதந்திர இந்தியா பெரிய சீர்திருத்தம் செய்தபோதும் கால் வைத்தது 1790-களில் இங்கே போட்ட தடத்தில்தான்.

இதனால் என்ன வித்தியாசம் வந்துவிட்டது? அபிஜித் பானர்ஜி, லட்சுமி ஐயர் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் இதை நாடு முழுவதற்கும் ஒப்பிட்டுப் பார்த்து 2005-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆங்கிலேயர் காலத்தில் ஜமீன்தாரிடம் விடப்பட்ட மாவட்டங்களைவிட, குடியானவரிடம் நேராக வரி வாங்கிய மாவட்டங்களில் சுதந்திரத்துக்குப் பிறகும் விவசாய முதலீடும் விளைச்சலும் கூடுதலாக இருந்தன. ஜமீன்கள் ஒழிந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும் வித்தியாசம் தெரிந்தது. புளியமரத்துத் தடம் நினைவுக்கு வருகிறதா?

ரயத்துவாரியைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. தீர்வை கடுமையாக இருந்தது. மழை பொய்த்த வருஷத்திலும் கிஸ்தி, அதாவது வரித் தவணை, கட்ட வேண்டியிருந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் அன்றைய சேலம் ஒன்று, நாம் அப்போது சேலத்துக்குள் இருந்தோம். இன்னொரு பெரிய ஓட்டையும் உண்டு. பட்டா, ஏற்கெனவே நிலத்தைப் பிடித்திருந்தவர் பேருக்குத்தான் வந்தது. அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாகக் கூலிக்கு உழைத்த தலித் மக்கள் கணக்கிலேயே வரவில்லை. 1891-இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையும், அதையொட்டித் தலித் மக்களுக்கு நிலம் ஒதுக்க 1892-இல் வந்த பஞ்சமி நில ஏற்பாடும் இந்த ஓட்டையை அடைக்கச் செய்த முயற்சிகள். அந்த நிலங்களுக்கான வழக்குகள் இன்றும் நடக்கின்றன. ஒரு விதி யாரைச் சேர்த்துக்கொண்டது என்பதோடு, யாரை வெளியே விட்டது என்பதும் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரும்.

வருஷா வருஷம் புதுப்பிக்கப்படும் பழமை

தாலுகா ஆபீஸில் ஜமாபந்தி, அதாவது வருஷா வருஷம் கிராமக் கணக்கைத் தணிக்கை செய்யும் கூட்டம், நடக்கும்போது போயிருக்கிறீர்களா? தாலுகா, தாசில்தார், ஜமாபந்தி, கிஸ்தி எல்லாமே அரபி, பாரசீக மொழிகளிலிருந்து வந்த சொற்கள். கிராமக் கணக்கில் வருஷத்தைப் பசலி என்று எழுதுவார்கள். 2024 ஜூலையிலிருந்து 2025 ஜூன் வரை பசலி 1434. அறுவடையை ஒட்டி வரி வாங்க முகலாய அரசர் அக்பர் காலத்தில் ஏற்படுத்திய கணக்கு அது. அக்பருடைய அதிகாரம் ஒருநாளும் எட்டாத நம் ஊரில், ஒரு கிராம நிர்வாக அலுவலர் கம்ப்யூட்டரில் அவர் காலத்து ஆண்டு முறையை டைப் செய்கிறார். அக்பருக்குப் பின் வந்தவர்கள், கம்பெனி, இங்கிலாந்து அரசு, சுதந்திர இந்தியா என ஒவ்வொருவரும் "இருக்கிற கணக்கையே வைத்துக்கொள்வோம், புதிதாகத் தொடங்கினால் குழப்பம்" என்று முடிவெடுத்ததன் பலன்.

கட்டுரையின் நடுப்புள்ளி இதுதான். கடந்தகாலம் தானாக நிகழ்காலத்துக்கு வருவதில்லை. ஒரு காகிதமோ, ஒரு பாதையோ, ஒரு சட்டமோ, ஒரு நினைவோ அதைச் சுமந்து வருகிறது. அந்தச் சுமையை ஒவ்வொரு தலைமுறையும் கைமாற்றி வாங்கிக்கொள்கிறது. வாங்காமல் விட்டால் நின்றுபோகும், வாங்கும்போது திருத்தினால் திருந்தும்.

பெயர்த்த தண்டவாளம்

காகிதம் மட்டுமல்ல, இரும்பும் சுமக்கும். 1906-இல் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு ஒரு சின்ன ரயில் ஓடத் தொடங்கியது. 1913-இல் அது ஓசூர் வரை நீண்டது. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும் தனியாக ஒரு பாதை இருந்தது. பஞ்சகாலத்தில் உள்நாட்டுக்குத் தானியம் போய்ச் சேர வேண்டும் என்ற எண்ணத்தில் போட்ட பாதைகள் அவை. கிருஷ்ணகிரிப் பாதை 1930-களிலேயே நின்றது. ஓசூர்ப் பாதை இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941-இல் மூடப்பட்டு, தண்டவாளமும் பெயர்க்கப்பட்டது.

பின்னாளில் தர்மபுரிக்கு வேறு வழியாக ரயில் வந்தது. மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரி டவுனுக்கு இன்றுவரை ரயில் நிலையம் கிடையாது. மாம்பழக்கூழ் ஆலைகளும் கிரானைட் தொழிலும் லாரியை நம்பியே வளர்ந்தன. மொரப்பூர் – தர்மபுரி பாதையை மறுபடி போட 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். ஒரு பஞ்சம் கொண்டுவந்ததை ஒரு போர் எடுத்துப்போனது. இதில் மண்ணின் ராசிக்கு என்ன வேலை?

தெருச்சண்டை சட்டமாகும்போது

மொழிப் போராட்டம் எல்லோருக்கும் தெரிந்த கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி, சென்னை மாகாண முதல்வராக இருந்தபோது 1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கினார். எதிர்ப்பு வெடித்தது, 1940-இல் அது திரும்பப் பெறப்பட்டது. பின்னாளில் அதே ராஜாஜி இந்தித் திணிப்பை எதிர்த்துப் பேசினார். 1965 ஜனவரியில் இந்தி மட்டுமே ஆட்சிமொழி ஆகும் நாள் நெருங்கியபோது மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், பல உயிர்கள் போயின. 1967-இல் ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டது. இந்தி பேசாத மாநிலங்கள் சம்மதிக்கும்வரை ஆங்கிலமும் தொடரும் என்று எழுதப்பட்டது. 1968-இல் தமிழ்நாடு இருமொழிக் கொள்கைக்குப் போனது.

அதற்குப் பிறகு பிறந்த என் மாணவர்களுக்கு 1965 ஒரு தேர்வுக் கேள்வி. ஆனால் அவர்கள் பள்ளியில் எத்தனை மொழி படித்தார்கள், மத்திய அரசின் கடிதம் எந்த மொழியில் வருகிறது என்பதெல்லாம் அந்த ஜனவரியில் தீர்மானமானவை. இங்கே சண்டை நாட்டை உடைக்கவில்லை. எல்லோரும் ஒன்றாக இருப்பதற்கான நிபந்தனையை எழுதிக் கொடுத்தது. மோதல் என்றாலே கேடு என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் இந்த உதாரணத்தைச் சொல்வேன்.

காட்டுச் சட்டமும் வாச்சாத்தியும்

எல்லா விதியும் இப்படி நல்லபடியாகப் படிவதில்லை. 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. கப்பலுக்கும் ரயிலுக்கும் மரம் தேவைப்பட்ட ஓர் அரசு, காடுகளுக்கு எல்லைக்கல் நட்டு 'ஒதுக்கப்பட்ட காடு' என்று அறிவித்தது. அன்றுவரை சுள்ளி பொறுக்கி, தேன் எடுத்து, மாடு மேய்த்துப் பிழைத்த மலை மக்கள் ஒரே உத்தரவில் அத்துமீறுகிறவர்கள் ஆனார்கள். சட்டம் எழுதியவர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள். "காடு அரசுடையது, அங்கே வாழ்கிறவன் திருடன்" என்ற பார்வை மட்டும் அதிகாரக் கட்டமைப்பில் தங்கிவிட்டது.

1992 ஜூன் 20. அரூர் தாலுகா, சித்தேரி மலையடிவாரத்தில் மலையாளி என்ற மலைவாழ் பழங்குடி மக்கள் வாழும் வாச்சாத்தி. சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் நுழைந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், மக்களை அடித்தார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். வழக்கில் 269 பேர் குற்றம் சாட்டப்பட்டார்கள். 54 பேர் விசாரணை முடிவதற்குள் இறந்துவிட்டார்கள். மிச்சமிருந்த 215 பேருக்கும் தர்மபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தண்டனை கொடுத்தது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

1882-ஆம் ஆண்டுச் சட்டம்தான் 1992-இல் அடித்தது என்று நான் சொல்லவில்லை. அடித்தவர்கள் மனிதர்கள், பொறுப்பு அவர்களுடையது. கடந்தகாலத்தைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாட்டை விட்டுவிடக் கூடாது. பழைய விதி ஒரு செயலை எளிதாக்கும், அதைச் செய்தே ஆக வேண்டும் என்று யாருடைய கையையும் பிடித்து இழுக்காது. இதே நாட்டில்தான் 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்தது. பழங்குடி மக்களுக்கு 'வரலாற்று அநீதி' இழைக்கப்பட்டது என்று அந்தச் சட்டத்தின் முகப்பிலேயே நாடு ஒப்புக்கொண்டது.

சுருக்கமாக: மோதல் விதியாகலாம். விதி புதிய மோதலைப் பெற்றெடுக்கலாம். அந்த மோதல் விதியைத் திருத்தவும் செய்யலாம். நாடு என்பது இந்தச் சுழற்சி நடக்கும் இடம்.

கொல்லையில் நிற்கும் கல்

காகிதமும் பாதையும் சட்டமும் போக, நினைவும் சுமக்கிறது. கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் கொல்லையோரத்தில், வேப்பமரத்தடியில் வில்லும் வாளும் ஏந்திய உருவம் செதுக்கிய கல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் பூசி, எண்ணெய் தடவி வேடியப்பன் என்று கும்பிடுகிறோம். அவற்றில் பல, ஆநிரைப் போரில் இறந்தவர்களுக்கு நட்ட நடுகற்கள். வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் பல்லவ அரசன் பெயர், ஆட்சியாண்டு, தொறு மீட்டு இறந்தவன் பெயர் எல்லாம் இருக்கும். தொறு என்றால் மாட்டு மந்தை. தர்மபுரி அருங்காட்சியகத்தில் இப்படிப்பட்ட கற்களைத் திரட்டி வைத்திருக்கிறார்கள்.

ஒரு மக்கள் கூட்டம் சேர்ந்து எதை நினைவில் வைத்துக்கொள்கிறது என்பதைக் கூட்டு நினைவு என்பார்கள். இதில் கவனிக்க வேண்டியது, எல்லாவற்றையும் நினைவில் வைப்பதில்லை என்பதுதான். மாடு மீட்டவனுக்குக் கல் இருக்கிறது. பறிகொடுத்த வீட்டில் அழுதவளுக்கு இல்லை. தர்மபுரியின் பழைய பெயரான தகடூர் என்றதும் அதியமானும் ஔவைக்கு அவன் கொடுத்த நெல்லிக்கனியும் நினைவுக்கு வருகின்றன. சேர அரசன் பெருஞ்சேரல் இரும்பொறை கோட்டையை அழித்தபோது தெருவில் நின்ற குடிகள் நினைவுக்கு வருவதில்லை. பாப்பாரப்பட்டியில் 1925-இல் இறந்த சுப்பிரமணிய சிவாவுக்கு நினைவிடம் இருக்கிறது. சிறையில் தொழுநோய் வந்து, ரயிலில் ஏற அனுமதி மறுக்கப்பட்டு, ஊர் ஊராக நடந்தே சுதந்திரம் பேசியவர். அந்த நடையை நினைவில் வைத்திருப்பது நம் மாவட்டத்துக்கு நல்லது. எந்த நினைவைப் பிள்ளைகளிடம் கொடுக்கிறோமோ அதை வைத்துத்தான் அவர்கள் "நாம் யார்" என்று சொல்லிக்கொள்கிறார்கள். "பின்தங்கிய மாவட்டம்" என்பதும் நாம் கைமாற்றிக்கொடுத்த ஒரு நினைவுதான்.

சத்தமில்லாத மாற்றங்கள்

சமூக மாற்றம் போர் மாதிரி ஒரே நாளில் விழாது. ஆனால் விதியாகும் வழி அதேதான். 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, பெண்களுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அன்று அது பேச்சாகத்தான் இருந்தது. அறுபது வருஷம் கழித்து, 1989-இல், தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று வாரிசுச் சட்டம் திருத்தப்பட்டது. அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு அது கிடைக்கவில்லை. 2005-இல் நாடு முழுவதற்கும் திருத்தம் வந்தபோதுதான் அந்தத் தடையும் விலகியது.

அதே 1989-இல் நம் மாவட்டத்தில் இன்னொன்று தொடங்கியது. சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம் முதலில் காலூன்றியது தர்மபுரியில்தான். கிருஷ்ணகிரி அப்போது நம்மோடு ஒரே மாவட்டம். அது வளர்ந்து மகளிர் திட்டமாக மாநிலம் முழுக்கப் பரவியது. என் சித்தி அப்படி ஒரு குழுவில் இருந்தவர். அவர் பெட்டியில் பழைய குழு நோட்டு ஒன்று இன்னும் இருக்கிறது. முதல் பக்கங்களில் பெயருக்கு எதிரே வரிசையாக நீல மசிக் கைநாட்டு. ஏழெட்டுப் பக்கம் தாண்டியதும் ஒரு கைநாட்டுக்குப் பதில், எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு கையெழுத்து. அடுத்த பக்கத்தில் மூன்று. நோட்டின் கடைசியில் கைநாட்டு இரண்டுதான் மிச்சம். வகுப்பில் அந்த நோட்டைச் சுற்றுக்கு விட்டேன். "ராசி" என்று சொன்ன மாணவன்தான் அதை அதிக நேரம் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தான். மன்றோவின் பட்டாவும் இந்த நோட்டும் ஒரே மாவட்டத்தில் தொடங்கி வெளியே பரவியவை என்று அவனிடம் சொன்னேன்.

போன ஜமாபந்திக்கு என் அக்காவோடு போயிருந்தேன். அப்பாவின் நிலத்தில் தன் பெயரையும் சேர்த்துக் கூட்டுப் பட்டா கேட்டு மனு. அக்காவுக்குக் கல்யாணம் ஆனது 1986-இல். பந்தலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "ஏம்மா, கட்டிக்கொடுத்த பொண்ணுக்கு இங்க என்னம்மா நெலம்?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார். அக்கா, "சட்டம் மாறிப்போச்சுங்க பெரியப்பா. எங்க தம்பிதான் கூட்டியாந்தான்" என்றாள். பெரியவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அக்கா பக்கம் சாய்ந்து, மெதுவாக, "என் தங்கச்சிக்கும் இப்படி எழுதலாமா? எந்த மனு, என்ன காகிதம் வேணும்?" என்று கேட்டார்.

அக்கா தன் பையிலிருந்த நகலை எடுத்து அவரிடம் கொடுத்தாள். மேலே பசலி ஆண்டு, கீழே ரயத்துவாரி நிலம் என்ற குறிப்பு, அதற்கும் கீழே நாங்கள் பேனாவால் எழுதிய அவள் பெயர்.